சென்னையில் ட்ரம்ஸ் வாசிக்கத் தொடங்கும் பெரியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குப் போய்க்கொண்டே, மேடையைப் பிழைப்பாகக் கொள்ளும் எண்ணம் ஏதுமின்றி, ட்ரம்ஸ் வாசிக்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் நெடுநாளாக வைத்திருக்கும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளிப் பெஞ்சைத் தட்டத் தொடங்கி, கல்லூரி விழாவில் சில பாட்டுகளுக்கு வாசித்து, வேலையும் குடும்பமும் வந்தபின் விட்டுவிட்டவர்களுக்கும் இது பொருந்தும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். இந்த நகரத்தில் ட்ரம்ஸ் கற்பவருக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தாளத்தைச் சார்ந்தவை அல்ல. பக்கத்து வீடு, வாடகை ஒப்பந்தம், பில், தேர்வு விண்ணப்பம், சாமான் ஏற்றும் வண்டி ஆகியவற்றைச் சார்ந்தவை. அவற்றை எந்த வரிசையில் எதிர்கொள்வது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பணமும் காலமும் மிஞ்சும். ஆசை வந்தவுடன் செட்டை வாங்கிவிட்டு, பிறகு இடம் தேடுவதே இங்கு வழக்கமாக இருக்கிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

1. இடத்தையும் நேரத்தையும் முதலில் உறுதி செய்யுங்கள்

மூடிய அறையில் அக்கூஸ்டிக் செட் (மின்சாரமின்றி ஒலிக்கும் வழக்கமான ட்ரம் செட்) எழுப்பும் ஒலி எளிதாக 100 டெசிபெலைத் தாண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடமானால் வரம்பு இன்னும் குறைவு: பகலில் 50, இரவில் 40. உங்கள் தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். சென்னையில் பள்ளி இல்லாத தெருவைத் தேடுவதுதான் கடினம்.

சட்டத்தைவிடப் பக்கத்து வீட்டாரின் பொறுமையே நடைமுறையில் உங்கள் எல்லையை வரையறுக்கும். கல்யாண வீட்டு மேளத்தையும் கோயில் திருவிழா ஒலிபெருக்கியையும் பொறுத்துக்கொள்ளும் அதே மனிதர், ஒரே அடியை நாற்பது நிமிடம் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ள மாட்டார், அதில் தவறும் இல்லை. ஆகவே மேல் வீடு, கீழ் வீடு, சுவர் ஒட்டிய வீடு ஆகிய மூன்றிலும் நேரில் சென்று, எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் வாசிக்கப்போகிறீர்கள் என்று சொல்லி, அவர்களுக்கு ஒவ்வாத நேரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு முதல் நான்கு மணி வரை பெரியவர்கள் உறங்கும் நேரம். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில், கட்டடத்தில் பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருந்தால், பயிற்சிக்கான ரப்பர் பேடோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்க வேண்டும். அண்டை வீட்டாருக்கு இடையூறு செய்யக் கூடாது என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். வீட்டு உரிமையாளர் வாய்மொழியாகச் சரி என்றது, புகார் வரும் நாளில் நிற்காது. கருவியின் வகை, வாசிக்கும் நேரம், உங்கள் கைபேசி எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு சிறு கடிதம் எழுதி, அவருடைய சம்மதத்தைக் கையெழுத்தாகவோ, குறைந்தது வாட்ஸ்அப் செய்தியாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பானால் அதே கடிதத்தின் நகலைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு கையெழுத்து வாங்குவது நலம். சொந்த வீடு என்றாலும் சங்கத்தின் விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும்.

இந்த இடத்தில் ஒரு பொறியைச் சொல்லியாக வேண்டும். சுவரில் முட்டைத் தட்டையோ பஞ்சுப் பலகையையோ ஒட்டினால் ஒலி வெளியே போகாது என்று பலர் சொல்வார்கள், சிலர் அதை விற்கவும் செய்வார்கள். அவை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும். வெளியே செல்லும் ஒலியை ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. ஒலியைத் தடுப்பது எடையும் இடுக்கில்லாத அடைப்பும்தான். ஜன்னலும் கதவிடுக்கும் வென்டிலேட்டரும் இருக்கும் சென்னை வீட்டில், அவற்றை அடைக்காமல் சுவருக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். அவற்றை அடைத்தாலோ, ஏசி இல்லாமல் மே மாதத்தில் அந்த அறையில் உட்கார முடியாது, அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. ஸ்டிக்கும் பேடும் வாங்குங்கள், வேறொன்றும் வேண்டாம்

முதல் மூன்று மாதங்களுக்கு உங்களுக்குத் தேவைப்படுபவை ஒரு ஜோடி ஸ்டிக், ஒரு ரப்பர் பிராக்டிஸ் பேட், கைபேசியில் ஒரு மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டிக் காட்டும் செயலி) ஆகியவை மட்டுமே. ஸ்டிக்கில் 5ஏ என்ற அளவு பெரும்பாலானவர்களின் கைக்குப் பொருந்தும். 7ஏ மெல்லியது, 5பி சற்றுத் தடித்தது. பெயர் பெற்ற நிறுவனங்களின் ஹிக்கரி மர ஸ்டிக் ஏறத்தாழ 700 முதல் 1,500 ரூபாய் வரை ஆகும். உள்ளூர் ஸ்டிக் அதில் மூன்றில் ஒரு பங்குக்கே கிடைக்கும், ஆனால் ஒரு ஜோடியின் இரண்டு ஸ்டிக்குகளும் ஒரே எடையில் இருப்பதில்லை. கடையிலேயே அவற்றைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். தள்ளாடி உருண்டால் வளைந்திருக்கிறது என்று பொருள். பேடுக்கு 1,500 முதல் 4,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள்.

பேடில் வாசிக்க வேண்டியவை சிங்கிள் ஸ்ட்ரோக் (கைமாற்றி ஒவ்வோர் அடி), டபுள் ஸ்ட்ரோக் (கைமாற்றி இரண்டிரண்டு அடி), இரண்டும் கலந்த பாரடிடில் ஆகிய மூன்றும்தான். நம் காதுக்குச் சொற்கட்டு பழகியிருப்பதால் ஒரு வசதி உண்டு: பாரடிடிலை 'தகதிமி தகதிமி' என்று வாயால் சொல்லிக்கொண்டு, முதல் தகதிமிக்கு வலம்-இடம்-வலம்-வலம் என்றும், அடுத்ததற்கு இடம்-வலம்-இடம்-இடம் என்றும் அடித்தால், கை குழம்பினாலும் தாளம் குழம்பாது. நிமிடத்திற்கு 60 அடி வேகத்தில் தொடங்கி, ஐந்து நிமிடம் பிசகாமல் வாசிக்க முடிந்த பிறகே 5 அடி கூட்டுங்கள். இந்த மூன்று மாதமும் பொறுமை இழக்காமல் பேடில் உட்கார முடிந்தால், செட் வாங்கும் பணம் வீணாகாது என்று ஓரளவு நம்பலாம். உட்கார முடியாவிட்டால் உங்களுக்கு இழப்பு சில ஆயிரம் ரூபாயோடு நின்றுவிடும்.

3. ஆசிரியரைச் சேருமுன் கேட்க வேண்டியவை

சென்னையில் ட்ரம்ஸ் சொல்லித்தருபவர்கள் மூன்று வகைப்படுவர்: வீட்டில் தனியாகக் கற்பிப்பவர்கள், பேட்டைக்குப் பேட்டை இருக்கும் இசைப்பள்ளிகள், கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற முறையான கல்லூரிகள். பொழுதுபோக்காகக் கற்க விரும்பும் பெரியவர்களுக்கு முதல் இரண்டுமே போதும். வாரம் ஒரு வகுப்பு என்ற கணக்கில் மாதம் 2,500 முதல் 5,000 ரூபாய் வரை கட்டணம் இருக்கும்; சேர்க்கைக் கட்டணம் தனி.

கட்டணத்தைவிட முக்கியமான கேள்வி, ஒரு மணி நேர வகுப்பில் உங்கள் கை செட்டின் மீது எத்தனை நிமிடம் இருக்கும் என்பதாகும். ஐந்து பேருக்கு ஒரு செட் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் கிடைக்கும், மற்ற நேரம் பிறர் வாசிப்பதைப் பார்க்கத்தான். அடுத்ததாக, ஷிப்ட் மாறி வகுப்பைத் தவறவிட்டால் ஈடு செய்யப்படுமா, முன்பணமாகக் கட்டிய தொகை திரும்பக் கிடைக்குமா என்பவற்றைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள், செட்டை மாற்றி அமைக்க ஆசிரியர் சம்மதிப்பாரா என்று முதல் நாளிலேயே கேட்க வேண்டும். குறிப்பிட்ட மாதங்களுக்குள் மேடையேற்றுவதாக வாக்களிப்பவரிடம் நான் சேர மாட்டேன்.

சேரும் காலமும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறைக் குழந்தைகளால் வகுப்புகள் நிரம்பியிருக்கும், பெரியவர்களுக்குத் தோதான மாலை நேரம் கிடைப்பது அரிது. டிசம்பரில் தேவாலய நிகழ்ச்சிகளும் புத்தாண்டுக் கச்சேரிகளும் இருப்பதால் ஆசிரியர்களே ஓடிக்கொண்டிருப்பார்கள். விஜயதசமி அன்று சேர்ந்தால் புதிதாகத் தொடங்குபவர்களின் குழுவில் இடம் கிடைக்கும். ஜூன், ஜூலை மாதங்களும் நல்லவை.

4. ஜாம் ரூமை வாடகைக்கு எடுங்கள்

ஜாம் ரூம் என்பது இசைக்குழுக்கள் பயிற்சி செய்யும் வாடகை அறை; சொந்தச் செட் இல்லாமலேயே செட்டில் வாசிக்கும் வழி இது. ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 400 முதல் 800 ரூபாய் வரை கேட்பார்கள். வார நாள் காலையில் குறைவு, சனி ஞாயிறு மாலையில் அதிகம். வாரம் ஒரு மணி நேரம் என்றால் ஓர் ஆண்டுச் செலவு, செட் ஒன்றின் விலையில் பாதியைத் தொடலாம். அது வீண் செலவு அன்று. இடமும் பராமரிப்பும் பக்கத்து வீட்டுப் பேச்சும் அந்தக் கட்டணத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. பல ஆண்டுகளாகச் சொந்தச் செட்டே இல்லாமல் இப்படி வாசிப்பவர்கள் இந்நகரில் உண்டு, அவர்கள் எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முன்பதிவு செய்யும்போது பெடலும் (பெரிய ட்ரம்மை அடிக்கக் காலால் மிதிப்பது) சிம்பல்களும் (உலோகத் தட்டுகள்) வாடகையில் அடங்குமா, உடைந்தால் யார் பொறுப்பு, மின்சாரம் போனால் அந்த நேரம் கழிக்கப்படுமா என்பவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. முதல் நாளிலிருந்தே காதை மூடுங்கள்

85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் அளவு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும். இக்கணக்கில் 100 டெசிபெல் ஒலிக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம்தான். கேட்கும் திறன் ஒருமுறை போனால் மருத்துவத்தால் திரும்பாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானே தொடக்கத்திற்குப் போதும். பிறகு, ஒலியின் தன்மையைச் சிதைக்காமல் அளவை மட்டும் குறைக்கும் இசைக்கலைஞர் அடைப்பானுக்கு மாறலாம்.

6. மின்னணுச் செட்டா, அக்கூஸ்டிக் செட்டா

மேலே சொன்ன படிகளைக் கடந்து, ஓராண்டாவது தொடர்ந்து வாசித்த பிறகே இந்தக் கேள்வி எழ வேண்டும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு என் பரிந்துரை மின்னணுச் செட். வலை போன்ற ஸ்கின் (ஸ்டிக் படும் மேல்தோல்) கொண்ட பேடுகள் உள்ள தொடக்கநிலைச் செட் ஏறத்தாழ 35,000 முதல் 60,000 ரூபாய்க்குள் கிடைக்கும். ரப்பர் பேடு உள்ளவை மலிவு என்றாலும், ஸ்டிக் படும் சத்தம் அவற்றில் அதிகம்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டால் யாருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில்தான் பலர் வாங்குகிறார்கள். பேடின் ஒலி காற்றில் அதிகம் பரவாது என்பது உண்மைதான். ஆனால் கிக் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்வு தரை வழியாக இறங்கி, கீழ் வீட்டுக் கூரையில் உலக்கை இடிப்பது போல் கேட்கும். இதற்கு எளிய தீர்வு, இரண்டு தடித்த பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வரிசையாகப் பதித்து மேடை அமைத்து, அதன்மேல் செட்டை வைப்பது. கீழ்ப் பலகையில் பந்து உருளாமல் இருக்கும் அளவுக்குத் துளை போட்டுத் தரும்படி தச்சரிடம் கேளுங்கள். பழைய பந்துகளைத் தெருமுனைக் கிரிக்கெட் அணியிடம் கேட்டாலே கிடைக்கும். மேடை அமைத்த பிறகு ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, கீழ் வீட்டில் நீங்களே போய் நின்று கேளுங்கள்.

மின்னணுச் செட்டுக்கு உரிய ஆவணங்கள் மூன்று: ஜிஎஸ்டி பில், அதில் எழுதப்பட்ட வரிசை எண், நிறுவனத்தின் இந்திய உத்தரவாத அட்டை. வெளிநாட்டிலிருந்து உறவினர் வழியாகக் கொண்டுவரும் செட்டுக்கு இந்த உத்தரவாதம் பெரும்பாலும் செல்லாது. அதன் அடாப்டர் 100 அல்லது 120 வோல்ட்டுக்கு மட்டும் உரியதாக இருந்து, அதை நேராக நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் அதோடு முடிந்தது. ரிச்சி தெருவில் மாற்று அடாப்டர் கிடைக்கும். வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்காமல், ஆம்பியர் அளவையும் நடு முனை நேர்மின்னா எதிர்மின்னா என்பதையும் பழைய அடாப்டரில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

தனி வீடோ மொட்டை மாடி அறையோ உள்ளவர்கள் அக்கூஸ்டிக் செட்டை நினைக்கலாம். 22 அல்லது 20 அங்குலக் கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), 14 அங்குல ஸ்நேர் (அடியில் கம்பிகள் உள்ள, முன்னால் வைக்கும் ட்ரம்), இரண்டு டாம் (நடுத்தர ட்ரம்கள்), ஒரு ஃப்ளோர் டாம் (தரையில் நிற்கும் டாம்) என்பதே வழக்கமான ஐந்து ட்ரம் அமைப்பு. சிவமணி தம்மைச் சுற்றி அடுக்கியிருக்கும் கருவிகளைப் பார்த்துவிட்டு அதுபோல் ஒன்று வேண்டும் என்று கடைக்குள் நுழைபவர்களைக் கடைக்காரர்கள் மகிழ்ச்சியோடு வரவேற்பார்கள்; ஆனால் கிக், ஸ்நேர், ஹை-ஹாட் (காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல்) ஆகிய மூன்றில் தாளம் நிற்காதவருக்கு ஐந்தாவது டாம் உதவாது.

விலைப்பட்டியலில் உள்ள பெரிய பொறி, 'ஷெல் பேக்' என்ற சொல். அதில் ட்ரம்கள் மட்டுமே அடங்கும். சிம்பல், சிம்பல் ஸ்டாண்ட், ஹை-ஹாட் ஸ்டாண்ட், பெடல், உட்காரும் ஸ்டூல் எல்லாம் தனிக் கணக்கு, அவையே செட்டின் விலைக்கு நிகராகலாம். ஆகவே, வாசிக்கத் தயாரான நிலையில் மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லி, அந்தத் தொகைகளைக் கடைக்குக் கடை ஒப்பிடுங்கள். 1842ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் தொடங்கிப் பல கடைகள் நகரில் இருக்கின்றன. இரண்டு மூன்று இடங்களில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். வாங்கியபின் ஸ்கின் மாற்றும் செலவும் உண்டு, நல்ல ஸ்கின் ஒன்றே ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று ஸ்டாண்டையும் திருகுகளையும் அரிக்கும் என்பதால், மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, திருகுகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தரைத்தளத்தில் இருப்பவர்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செட்டைப் பரணுக்கோ உயரமான மேசைக்கோ ஏற்றுவதற்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

7. பழைய செட் வாங்குவதானால்

மேற்படிப்புக்காக வெளிநாடு செல்பவர்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அவசரமாக விற்பார்கள். பேரம் பேச ஏற்ற காலம் அது. புதிதின் விலையில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் சென்று பாருங்கள், ட்ரம் சாவியும் (திருகுகளைத் திருப்பும் கருவி) டார்ச்சும் கையில் இருக்கட்டும். ஒரு டாமின் ஸ்கின்னைக் கழற்றி, ஷெல்லை (ட்ரம்மின் உருளை உடலை) சமமான கிரானைட் தரையில் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை எரியவிட்டால், விளிம்பு வழியே வெளிச்சம் கசியும் இடத்தில் ஷெல் கோணியிருக்கிறது. அதை எப்படிச் சுருதி கூட்டினாலும் நிற்காது. சிம்பலின் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டி விரிசல் தேடுங்கள், நடுத்துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாத் திருகும் சுழல வேண்டும். விற்பவரிடம் அசல் பில் இல்லாவிட்டால், அவர் பெயர், செட்டின் விவரம், தொகை, தேதி ஆகியவற்றோடு கையெழுத்திட்ட ரசீது வாங்கி, பணத்தை வங்கி வழியாகச் செலுத்துங்கள். வீடு கொண்டுசேர்க்கக் குட்டி யானை (சிறு சரக்கு வண்டி) ஒன்று போதும்; வாடகையை ஏற்றும் முன்பே பேசிவிட வேண்டும்.

8. கிரேடு தேர்வு எழுத விரும்பினால்

பொழுதுபோக்கு வாசிப்பாளருக்குத் தேர்வு கட்டாயமில்லை. இருந்தாலும், கெடு இல்லாத பயிற்சி மெல்லத் தளர்ந்துபோகும் என்பதால், ஒரு தேர்வாவது எழுதுவது நல்லது என்பது என் கருத்து. சென்னையில் பரவலாக எழுதப்படுபவை டிரினிட்டி காலேஜ் லண்டன், ராக்ஸ்கூல் ஆகியவற்றின் தேர்வுகள். டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வு தொடக்கநிலையிலிருந்து 8ஆம் கிரேடு வரை உண்டு. நேரில் எழுதும் தேர்வில் மூன்று பாடல்களுக்கு 80 மதிப்பெண், உடனடித் திறன் சோதனைக்கு 20 மதிப்பெண். தேர்ச்சிக்கு 60, மெரிட்டுக்கு 75, டிஸ்டிங்ஷனுக்கு 87 எடுக்க வேண்டும். வயது உச்சவரம்பு இல்லை, கீழ்க் கிரேடுகளை எழுதாமல் நேராக உங்கள் தகுதிக்கேற்ற கிரேடுக்கு விண்ணப்பிக்கலாம். ஓரளவு வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் கிரேடில் தொடங்குவது பொருத்தம்.

விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியது பெயர். முன்னெழுத்தைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எப்படி நிரப்புவது என்ற சிக்கல் நமக்கே உரியது. ஆதாரில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரை விரித்து வேறு விதமாகவும் இருந்தால், எதைப் பின்னாளில் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ளபடியே விண்ணப்பத்திலும் எழுதுங்கள். சான்றிதழ் அச்சான பின் திருத்துவது கூடுதல் செலவும் அலைச்சலும் ஆகும். கடைசித் தேதி தேர்வுக்குப் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும். பாடல் புத்தகம் அசலாக இருக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுத்துச் சென்று சிக்கலில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பயிற்சிக்கு ஆறு மாதமாவது ஒதுக்கி, தேர்வு எந்தச் செட்டில் நடக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மின்னணுச் செட்டில் மட்டும் பயின்றவர்கள் கடைசி மாதத்தில் ஜாம் ரூமில் அக்கூஸ்டிக் செட்டில் வாசித்துக் கையைப் பழக்க வேண்டும்.

9. மற்றவர்களோடு வாசிக்கத் தொடங்குதல்

அலுவலக ஆண்டு விழா, தேவாலயப் பாடற்குழு, குடியிருப்புப் பொங்கல் விழா, நண்பர்களின் மெல்லிசைக் குழு ஆகியவை எளிய வாசல்கள். நம் பாட்டுகளில் தபேலாவும் டோலக்கும் ஆக்டோபேடும் (மின்னணுத் தாளப் பலகை) ஏற்கெனவே இடத்தை நிரப்பியிருக்கும் என்பதால், ட்ரம்ஸ் வாசிப்பவர் முதலில் கற்க வேண்டியது எங்கே கையைக் கட்டிக்கொள்வது என்பதே. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் ட்ரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் ஹை-ஹாட்டை மட்டும் காதில் பின்தொடர்ந்து சில பாட்டுகளைக் கேட்டால், இது எவ்வளவு சிக்கனமாகச் செய்யக்கூடியது என்பது விளங்கும்.

மேடையில் செட் பெரும்பாலும் ஒலிபெருக்கி ஏற்பாட்டாளருடையதாக இருக்கும். ஸ்நேர், சிம்பல், பெடல், ஸ்டிக், ட்ரம் சாவி ஆகியவற்றை மட்டும் நீங்கள் கொண்டுசென்றால் போதும், ஆட்டோவிலேயே போய்விடலாம். உணவகத்திலோ கட்டண நிகழ்ச்சியிலோ திரைப்பாடல்களை வாசிப்பதானால், பாடல்களின் உரிமையை நிர்வகிக்கும் ஐபிஆர்எஸ் போன்ற அமைப்பிடம் உரிமம் வாங்குவது ஏற்பாட்டாளரின் பொறுப்பு என்பதை ஒப்புக்கொள்ளும் முன் பேசிவிடுங்கள். எந்தச் செட் தருகிறார்கள், ஒலிச் சோதனை எத்தனை மணிக்கு, போக்குவரத்துச் செலவு யாருடையது ஆகிய மூன்றையும் ஒரே செய்தியில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.